உயிர்ச்சத்து டி ஏற்பி மரபணு: எலும்பிலிருந்து சர்க்கரை வரை

உயிர்ச்சத்து டி ஏற்பி என்பது உடலின் பல திசுக்களில் உயிரணுக்களின் உள்ளே இருந்து செயல்படும் ஒரு புரதம். உயிர்ச்சத்து டி-யின் முழுச் செயல்திறன் பெற்ற வடிவம் இரத்தத்தின் வழியே வந்து இந்தப் புரதத்துடன் இணைகிறது. இணைந்த பிறகு இரண்டும் சேர்ந்து டி.என்.ஏ-வின் குறிப்பிட்ட இடங்களைப் பற்றிக்கொண்டு, சில மரபணுக்களை முடுக்குகின்றன, சிலவற்றை அடக்குகின்றன. இந்த ஏற்பியை உருவாக்கும் மரபணு மனிதனின் 12-ஆம் குரோமோசோமில் உள்ளது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அதனை வி.டி.ஆர். என்று அழைப்பர்.

இந்த மரபணு எல்லோரிடமும் உண்டு. ஆனால் அதன் சில இடங்களில் ஒருவருக்கு ஓர் எழுத்தும் மற்றொருவருக்கு வேறோர் எழுத்தும் அமைந்திருக்கும். 1990-களில் இந்தச் சிறு வேறுபாடுகள் பெரும் எதிர்பார்ப்பைக் கிளப்பின. முதுமையில் யாருடைய எலும்பு நொறுங்கும் என்பதை இவை முன்கூட்டியே காட்டும் என்று முதலில் சொல்லப்பட்டது. பின்னர் முதியவர்களின் இரத்தச் சர்க்கரை, இன்சுலின் எதிர்ப்பு, உடற்பருமன் ஆகியவற்றுக்கும் இதே வேறுபாடுகள் காரணமாகலாம் என்று கருதப்பட்டது. அந்த எதிர்பார்ப்பு உருவான விதமும், அதில் எவ்வளவு நிலைத்தது என்பதும் அண்மைக்கால மருத்துவ வரலாற்றில் மாணவர்கள் அறிய வேண்டிய ஒரு பகுதி.

ஏற்பிக்கு முந்தைய கதை

குழந்தைகளின் கால் எலும்புகள் வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் நோயைப் பற்றி இங்கிலாந்து மருத்துவர் ஃபிரான்சிஸ் கிளிசன் 1650-இல் விரிவான நூல் எழுதினார். புகை மண்டிய ஐரோப்பியத் தொழில் நகரங்களில் இந்நோய் மிகுந்தது. 1919-இல் பெர்லின் மருத்துவர் கர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, பாதரச விளக்கின் புறஊதா ஒளியைப் பாய்ச்சி இதைக் குணப்படுத்தினார். ஒரு கையில் மட்டும் ஒளி பட்டபோது மறு கையின் எலும்பும் தேறியதை அவர் கவனித்தார். தோலில் உருவாகும் ஏதோ ஒன்று இரத்தத்தில் பரவிச் சென்று வேறிடத்தில் வேலை செய்கிறது என்பது இதனால் புலப்பட்டது. அதே காலத்தில் இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி, நாய்க்குட்டிகளுக்கு உணவின் மூலம் ரிக்கெட்ஸை வரவழைத்து, மீன் எண்ணெய் கொடுத்துத் தீர்த்தார். மீன் எண்ணெயில் இருந்த உயிர்ச்சத்து ஏ-யை அழித்த பிறகும் அந்த எண்ணெய் நோயைத் தீர்ப்பதைக் கண்ட அமெரிக்கர் எல்மர் மெக்காலம், 1922-இல் இந்தப் புதிய சத்துக்கு டி என்ற எழுத்தைக் கொடுத்தார். இதன் வேதியியலை ஆராய்ந்த ஜெர்மானியர் அடால்ஃப் விண்டாஸுக்கு 1928-இல் நோபல் பரிசு கிடைத்தது.

உயிர்ச்சத்து என்று பெயர் பெற்றாலும் இது நடத்தையில் ஒரு ஹார்மோன் என்பது பிறகுதான் தெளிவாயிற்று. தோலில் உருவாவது கல்லீரலில் ஒரு மாற்றம் அடைகிறது. விஸ்கான்சினில் ஹெக்டர் டெலூக்காவின் குழு 1968-இல் இந்த வடிவத்தை அடையாளம் கண்டது. இன்று இரத்தப் பரிசோதனையில் அளக்கப்படுவது இதுவே. அது சிறுநீரகத்தில் மறுபடியும் மாறி முழுச் செயல்திறன் பெறுகிறது என்பதை 1970-இல் கேம்பிரிட்ஜில் டேவிட் ஃபிரேசரும் எகான் கோடிசெக்கும் காட்டினர்.

ஏற்பி கிடைத்தது

ஹார்மோன் என்றால் அதை ஏற்றுக்கொள்ளும் ஓரிடம் உயிரணுவில் இருந்தாக வேண்டும். 1969-இல் கலிபோர்னியாவில் மார்க் ஹாஸ்லரும் ஆந்தனி நார்மனும் கோழிக்குஞ்சின் குடலில் அத்தகைய ஏற்பி இருப்பதற்கான சான்றை வெளியிட்டனர். கோழியின் ஏற்பி மரபணுவிலிருந்து ஒரு பகுதி 1987-இல் பிரித்தெடுக்கப்பட்டது. மனித ஏற்பியின் முழு அமைப்பு 1988-இல் தெரியவந்தது: 427 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி.

அதே 1988-இல் மற்றொரு முக்கியமான கண்டுபிடிப்பும் வந்தது. இரத்தத்தில் உயிர்ச்சத்து டி ஹார்மோன் ஏராளமாக இருந்தும் கடுமையான ரிக்கெட்ஸுக்கு ஆளாகும் குழந்தைகள் மிக அரிதாகப் பிறப்பதுண்டு. அவர்களில் பலருக்குத் தலைமுடியும் இராது. இவர்களின் ஏற்பி மரபணுவில் ஓர் எழுத்துப் பிழை இருப்பதும், அதனால் ஏற்பி டி.என்.ஏ-வைப் பற்ற முடியாமல் போவதும் கண்டறியப்பட்டன. ஒரே ஓர் எழுத்து மாறினாலும் உடல் இவ்வளவு பாதிக்கப்படும் என்றால், இதே மரபணுவில் நலமாக இருப்போரிடையே காணப்படும் வேறுபாடுகளும் ஓரளவாவது பாதிக்காதா என்ற கேள்வி இயல்பாக எழுந்தது.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கான எச்சரிக்கையும் அதே குடும்பங்களிலேயே இருந்தது. இந்நோய் வர, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகளும் பழுதாக வேண்டும். பெற்றோரிடம் ஒரு பிரதி முற்றிலும் பழுதாக இருந்தபோதும் அவர்கள் நலமாகவே இருந்தனர். பாதி மரபணு போனாலும் சமாளித்துக்கொள்ளும் உடல், அதில் எங்கோ ஓரெழுத்து மாறியதற்குப் பெரிதாகத் தடுமாறும் என்று எதிர்பார்ப்பது சற்று மிகைதான். அந்த ஆர்வத்தில் இதைப் பலரும் நின்று யோசிக்கவில்லை என்றே தோன்றுகிறது.

கத்தரி நொதிகளும் பெயர்களும்

இத்துறைக் கட்டுரைகளைப் படிக்கும் மாணவர் முதலில் திகைப்பது பிஎஸ்எம்-1, ஏபிஏ-1, டாக்-1, ஃபோக்-1 போன்ற பெயர்களைக் கண்டுதான். இவை மரபணு வேறுபாடுகளின் சொந்தப் பெயர்கள் அல்ல. பாக்டீரியாக்களிலிருந்து எடுக்கப்பட்ட, டி.என்.ஏ-வைக் குறிப்பிட்ட எழுத்து வரிசையில் மட்டும் வெட்டும் நொதிகளின் பெயர்கள். டாக் என்பது வெந்நீர் ஊற்றுகளில் வாழும் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவின் பெயர்ச் சுருக்கம்.

எழுத்துகளை நேரடியாகப் படிப்பது அன்று செலவு மிக்க வேலை. எனவே ஒரு நொதி வெட்டுகிறதா இல்லையா என்று பார்ப்பதே எளிய வழியாக இருந்தது. வெட்டினால் ஆங்கிலச் சிறிய எழுத்தாலும், வெட்டாவிட்டால் பெரிய எழுத்தாலும் குறித்தனர். இரண்டு பிரதிகள் உள்ளதால் ஒருவர் இரண்டு பெரிய பி, ஒரு பெரிய பி-யும் ஒரு சிறிய பி-யும், இரண்டு சிறிய பி என மூன்றில் ஒரு வகையில் அடங்குவார்.

இங்கு ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிஎஸ்எம்-1, ஏபிஏ-1 ஆகிய இடங்கள் புரதத்துக்கான குறிப்பே இல்லாத பகுதியில் உள்ளன. டாக்-1 இருக்கும் இடத்தில் எழுத்து மாறினாலும் அமினோ அமிலம் மாறுவதில்லை. ஃபோக்-1 ஒன்றே புரதத்தை மாற்றுகிறது. அதன் ஒரு வகையில் சங்கிலி 427-க்குப் பதிலாக 424 அமினோ அமிலங்களுடன் தொடங்குகிறது. ஆய்வகச் சோதனைகளில் இந்தக் குட்டையான வடிவம் சற்றுக் கூடுதல் ஊக்கத்துடன் செயல்பட்டது. இருந்தும் மிகுதியாகப் பேசப்பட்டது, புரதத்தைத் தொடாத பிஎஸ்எம்-1-ஐப் பற்றித்தான். அருகில் உள்ள வேறேதோ முக்கியமான மாற்றத்தை இது சுட்டிக்காட்டும் அடையாளக் கல்லாக இருக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அப்படி ஒரு மாற்றம் இருந்தாலும், அடையாளக் கல்லுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு எல்லா மக்களினங்களிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை.

1994: சிட்னியிலிருந்து வந்த செய்தி

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலுள்ள கார்வன் ஆய்வு நிறுவனத்தில் நைகல் மாரிசன், ஜான் ஐஸ்மன் முதலியோர் அடங்கிய குழு 1994 ஜனவரியில் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. எலும்பின் அடர்த்தி பெரிதும் பரம்பரையாக வருவது என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. அந்தப் பரம்பரைத் தாக்கத்தில் 75 விழுக்காடு வரை வி.டி.ஆர். என்ற ஒரே மரபணுவின் வேறுபாட்டால் விளக்கிவிடலாம் என்று அக்கட்டுரை கூறியது.

அவர்கள் இரட்டையர்களைக் கொண்டு ஆய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் எல்லாம் ஒன்றே. தனித்தனிக் கருக்களிலிருந்து பிறந்த இரட்டையர், சாதாரண உடன்பிறப்புகளைப் போல, ஒரு மரபணுவில் ஒத்தும் இருக்கலாம், வேறுபட்டும் இருக்கலாம். இவர்களில் வி.டி.ஆர். வகை ஒத்திருக்கும் இணைகளின் எலும்பு அடர்த்தி நெருங்கியும், ஒத்திராத இணைகளின் அடர்த்தி விலகியும் இருந்தால், அந்த விலகலுக்கு அம்மரபணுவே காரணம் என்று கொள்ளலாம். தருக்கத்தில் குறையில்லை, அழகான முறை.

எலும்புப்புரை என்பது முதிய பெண்களை முடக்கும் நோய். இடுப்பெலும்பு முறிந்த பிறகு பழைய நடமாட்டத்துக்குத் திரும்பாதவர் பலர். இளமையிலேயே ஓர் எளிய பரிசோதனையால் யாருக்கு ஆபத்து என்று அறிந்துவிடலாம் என்றால் அது சிறிய செய்தி அல்ல. உலகெங்கும் ஆய்வகங்கள் தங்கள் குளிர்பெட்டிகளில் இருந்த இரத்த மாதிரிகளை எடுத்து, அதே நொதிகளால் வெட்டிப் பார்க்கத் தொடங்கின.

முடிவுகள் ஒத்துவரவில்லை. அதே 1994-இலேயே அமெரிக்காவின் இண்டியானாவில் இரட்டையர்களைக் கொண்டு செய்த ஆய்வில் எலும்பு அடர்த்திக்கும் இந்த வேறுபாட்டுக்கும் தொடர்பு எதுவும் தென்படவில்லை. சில நாடுகளில் சிறு தொடர்பு தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை, சிலவற்றில் எதிர்த்திசையில் தெரிந்தது.

1997-இல் சிட்னி குழுவே அதே நேச்சர் இதழில் ஒரு திருத்தம் வெளியிட்டது. மாதிரிகளை மறுபடி பரிசோதித்தபோது, தனித்தனிக் கருவில் பிறந்த இரட்டையர்களில் சிலருடைய மரபணு வகை தவறாகப் பதிவாகியிருந்தது தெரியவந்தது. அவற்றைச் சரிசெய்த பின், விளைவு முன்பு சொன்னதைவிட மிகவும் சிறுத்துப்போயிற்று. இரட்டையர் ஆய்வின் நுட்பமே ஒத்தவர், ஒவ்வாதவர் என்று இணைகளைப் பிரிப்பதில்தான் இருக்கிறது. அதனால் சில மாதிரிகள் பிசகினாலும் கணக்கு பெரிதும் சாய்ந்துவிடும். தம் கட்டுரையின் தலைமையான எண்ணைத் தாமே குறைத்து அச்சிட்ட அக்குழுவின் செயலை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்குள் மூன்றாண்டுகள் ஓடிவிட்டன. வி.டி.ஆர். வேறுபாடுகளை வேறு நோய்களில் தேடும் வழக்கம் எங்கும் பரவிவிட்டது.

எலும்பை விட்டுச் சர்க்கரைக்கு

அவ்வாறு தேடப்பட்ட நோய்களில் முதன்மையானது நீரிழிவு. அதற்கு ஆதாரமும் இருந்தது. ஏற்பியை முதலில் காட்டிய அதே ஆந்தனி நார்மன், 1980-இல் சயின்ஸ் இதழில், உயிர்ச்சத்து டி குறைந்த எலிகளின் கணையம் இன்சுலினைச் சரிவரச் சுரப்பதில்லை என்று வெளியிட்டிருந்தார். முதுமையில் தோல் இந்தச் சத்தை உருவாக்கும் திறனை இழக்கிறது என்பதும் தெரிந்ததே. 1985-இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட சோதனையில், எண்பதை ஒட்டிய வயதினரின் தோல், சிறுவர்களின் தோலோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவாகவே உயிர்ச்சத்து டி-யின் முன்னோடியை உருவாக்கியது. முதுமையில் நீரிழிவும் கூடுகிறது. இரண்டுக்கும் இடையே ஒரு கோடு போடத் தோன்றுவது இயல்பு.

கிழக்கு லண்டனில் வாழும் வங்கதேச மக்களிடையே நீரிழிவு அதிகம், உயிர்ச்சத்து டி குறைவு. அங்கு பார்பரா பௌச்சர், கிரகாம் ஹிட்மன் முதலியோர் 1990-களில் தொடர்ந்து ஆய்ந்தனர். வி.டி.ஆர். வேறுபாடுகள் இன்சுலின் சுரப்பைப் பாதிக்கின்றன என்று 1998-இல் அவர்கள் தெரிவித்தனர். அதற்கு முந்தைய ஆண்டு, சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் பங்கேற்ற ஓர் ஆய்வில், தென்னிந்தியக் குடும்பங்களில் இளம்வயதில் வரும் முதல் வகை நீரிழிவுடன் இதே மரபணுவுக்குத் தொடர்பு இருப்பதாகக் கூறப்பட்டது.

முதியவர்களைப் பற்றிய ஆய்வுகளில் குறிப்பிடத்தக்கது கலிபோர்னியாவின் ராஞ்சோ பெர்னார்டோ ஆய்வு. சான் டியேகோ அருகிலுள்ள இந்தக் குடியிருப்பில், எலிசபெத் பாரெட்-கானர் என்ற பெண் மருத்துவர் 1970-களின் தொடக்கத்திலிருந்து பல்லாண்டுகள் அதே மக்களின் உடல்நலத்தைப் பின்தொடர்ந்து பதிவு செய்துவந்தார். அங்கு வாழ்ந்த முதியோரின் வி.டி.ஆர். வேறுபாடுகளை நீரிழிவுடனும் வளர்சிதைமாற்றக் கோளாறுகளுடனும் ஒப்பிட்ட கட்டுரை 2002-இல் வந்தது. நீரிழிவு இல்லாத முதியவர்களில், ஏபிஏ-1 இடத்தில் இரண்டு சிறிய எழுத்துகள் கொண்டவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை சற்றுக் கூடுதலாக இருந்தது. பிஎஸ்எம்-1 இடத்தில் இரண்டு சிறிய பி உள்ளவர்களுக்கு இன்சுலின் எதிர்ப்பு மிகுதி.

மறு ஆண்டே ஜெர்மனியில் இளைஞர்களைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. அதில் சர்க்கரை கூடியிருந்தது இரண்டு பெரிய பி உள்ளவர்களுக்கு. அதுவும் உடலுழைப்பு குறைந்தவர்களிடம் மட்டும்.

கலிபோர்னியாவில் சிறிய பி ஆபத்து, ஜெர்மனியில் பெரிய பி ஆபத்து. அளந்தவை ஒன்றல்ல, வயதும் ஒன்றல்ல, எனவே இரண்டும் உண்மையாக இருக்கவும் கூடும். ஆனால் இதைவிட எளிய விளக்கம் ஒன்று உண்டு. முப்பது மாணவர்கள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரையும் ஐந்து முறை நாணயம் சுண்டச் சொன்னால், யாராவது ஒருவருக்கு ஐந்து முறையும் தலையே விழுவதற்கான வாய்ப்பு பாதிக்கும் மேல். அந்த மாணவரிடம் தனித்திறமை ஏதும் இல்லை. நான்கைந்து மரபணு இடங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று வகைகள், சர்க்கரை, இன்சுலின், கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம் என்று பல அளவுகள், ஆண்-பெண் பிரிவு, வயதுப் பிரிவு: இவற்றையெல்லாம் சில நூறு பேரிடம் ஒப்பிட்டால் ஏதோ ஒன்று பொருந்தி வரத்தான் செய்யும். பொருந்தியது இதழில் அச்சேறும், பொருந்தாதது பெரும்பாலும் மேசை இழுப்பறையில் தங்கிவிடும்.

தலைகளின் எண்ணிக்கை கூடியபோது

இதற்குத் தீர்வு ஆட்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதும், எதைத் தேடுகிறோம் என்பதை முன்பே முடிவு செய்துகொள்வதும்தான். ராட்டர்டாம் நகரின் ஆந்திரே ஊட்டர்லிண்டன் தலைமையில் ஐரோப்பிய ஆய்வுக் குழுக்கள் ஒன்றுசேர்ந்து, 26,242 பேரின் விவரங்களை ஒரே முறையில் ஆய்ந்து 2006-இல் வெளியிட்டன. ஃபோக்-1, பிஎஸ்எம்-1, ஏபிஏ-1, டாக்-1 ஆகிய நான்குக்கும் எலும்பு அடர்த்தியுடனோ எலும்பு முறிவுடனோ தொடர்பு காணப்படவில்லை. சிடிஎக்ஸ்-2 என்ற ஐந்தாவது வேறுபாட்டுக்கு மட்டும் முதுகெலும்பு முறிவுடன் ஒரு சிறு தொடர்பு இருக்கலாம் என்றனர். எழுபத்தைந்து விழுக்காட்டில் தொடங்கிய கதை பன்னிரண்டு ஆண்டுகளில் இங்கு வந்து நின்றது.

சர்க்கரையின் கதையும் அதே வழியில் சென்றது. 2007-இல், எந்த மரபணுவையும் முன்கூட்டிச் சந்தேகிக்காமல் மரபணுத் தொகுதி முழுவதையும் சலித்துப் பார்க்கும் முதல் பெரிய நீரிழிவு ஆய்வுகள் வெளியாயின. இரண்டாம் வகை நீரிழிவுடன் தொடர்புடையவையாக அவை காட்டிய சுமார் பத்து இடங்களில் வி.டி.ஆர். இல்லை. 2010-இல் ஏறக்குறைய 34,000 ஐரோப்பிய வம்சாவளியினரைக் கொண்டு, இரத்தத்தில் உயிர்ச்சத்து டி அளவை நிர்ணயிக்கும் மரபணுக்களைத் தேடியபோதும் கிடைத்தவை வேறு: இச்சத்தின் மூலப்பொருளைக் கையாளும் நொதி, கல்லீரலில் அதை மாற்றும் நொதி, இரத்தத்தில் அதைச் சுமந்து செல்லும் புரதம் ஆகியவற்றின் மரபணுக்கள்.

இந்த மரபணுக்களே அடுத்த கேள்விக்குக் கருவியாயின. பருமனானவர்களின் இரத்தத்தில் உயிர்ச்சத்து டி குறைவு என்பது பழைய செய்தி. ஆனால் எது காரணம், எது விளைவு? பிறவியிலேயே சத்தின் அளவு குறைவாக அமையும் மரபணு வகை கொண்டவர்கள் பருமனாகிறார்களா, பருமனாகும் வகை கொண்டவர்களுக்குச் சத்து குறைகிறதா என்று இரு பக்கமும் பார்த்தால் விடை கிடைக்கும். சென்னையில் நீரிழிவு மரபணு ஆய்வில் ஈடுபட்டு, பின்னர் இங்கிலாந்து சென்ற கரணி விமலேஸ்வரன் முதன்மை ஆசிரியராக உள்ள 2013-ஆம் ஆண்டுக் கட்டுரை, 42,024 பேரைக் கொண்டு இதை ஆராய்ந்தது. பருமன் உயிர்ச்சத்து டி-யைக் குறைக்கிறது. உயிர்ச்சத்து டி குறைவதால் பருமன் ஏற்படுகிறது என்பதற்குச் சான்று இல்லை. இரத்தத்தில் குறைவாக இருப்பதைக் கண்டதும் அதுவே நோய்க்கு மூலம் என்று சொல்லிவிடும் பழக்கத்துக்கு இது நல்ல பதில்.

மாத்திரை கொடுத்துப் பார்த்தல்

மீதமிருந்தது நேரடிச் சோதனை. பாஸ்டனைச் சேர்ந்த அனஸ்டாசியோஸ் பிட்டாஸ் தலைமையில், நீரிழிவின் வாசலில் நின்ற 2,423 அமெரிக்கர்களில் ஒரு பாதியினருக்கு நாள்தோறும் 4,000 அலகு உயிர்ச்சத்து டி-யும், மறு பாதியினருக்கு வெற்று மாத்திரையும் கொடுக்கப்பட்டன. அவர்களின் சராசரி வயது 60. சுமார் இரண்டரை ஆண்டுகளில் சத்து மாத்திரை உண்டவர்களில் 293 பேருக்கும், வெற்று மாத்திரை உண்டவர்களில் 323 பேருக்கும் நீரிழிவு வந்தது. 2019-இல் வெளியான இந்த வேறுபாடு, தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடிய அளவினது. நார்வே, ஜப்பான் நாடுகளில் நடந்த இதே போன்ற சோதனைகளையும் சேர்த்து 2023-இல் கணக்கிட்டபோது ஆபத்து சுமார் 15 விழுக்காடு குறைவது தெரிந்தது. நூறு பேர் மூன்றாண்டு உட்கொண்டால் ஏறத்தாழ மூன்று பேருக்கு அக்காலத்துக்குள் நீரிழிவு வராமல் தடுக்கலாம் என்பது அதன் பொருள். ஒன்றுமில்லை என்று தள்ளவும் முடியாது, அருமருந்து என்று கொண்டாடவும் முடியாது.

இதற்கிடையில் ஏற்பி மரபணுவின் வேறுபாடுகளைப் பற்றிய சிறு ஆய்வுகள் நின்றுவிடவில்லை. பழைய முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஃபோக்-1 வேறுபாட்டுக்கும் இரண்டாம் வகை நீரிழிவுக்கும் ஆசிய மக்களிடையே ஒரு சிறு தொடர்பு இருக்கலாம் என்று அவ்வப்போது எழுதிவருகின்றனர். புரதத்தையே மாற்றும் வேறுபாடு அது ஒன்றே என்பதால் அதைக் கவனித்துப் பார்ப்பதில் பொருள் உண்டு. ஆனால் ஒரு முதியவரின் மரபணு அறிக்கையில் பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்று பார்த்து, அவருக்குச் சர்க்கரை வரும் அல்லது வராது என்று சொல்ல இவற்றில் எதுவும் போதாது.

அமெரிக்காவின் என்டோகிரைன் சொசைட்டி என்ற நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் அமைப்பு 2024-இல் புதிய வழிகாட்டுதலை வெளியிட்டது. குழந்தைகளையும் கருவுற்றவர்களையும் தவிர, 75 வயதைக் கடந்தவர்களுக்கும், நீரிழிவின் வாசலில் நிற்பவர்களில் ஆபத்து மிகுந்தவர்களுக்கும் உயிர்ச்சத்து டி கொடுக்கலாம் என்று அது கூறியது. நலமாக உள்ளவர்களுக்கு வழக்கமாக இரத்தத்தில் இச்சத்தை அளந்து பார்க்கும் பரிசோதனை தேவையில்லை என்றும் சொன்னது. அதில் முதியவரைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் அவருடைய வயது.